குதிரைகளுக்குப் புல்வலை: உபயோகமும் பாதுகாப்பும்

குதிரையைக் கொண்டு ஜீவனம் செய்வோர் நம் நாட்டில் முன்போல் அதிகம் இல்லை. ஊர்தோறும் ஓடிய ஜட்கா வண்டிகள் மோட்டார் பெருகியபின் அருகிவிட்டன. ஆயினும் பழனியில் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர்களும், உதகமண்டலத்திலும் சென்னைக் கடற்கரையிலும் சவாரிக் குதிரை வைத்திருப்போரும் இன்னும் உளர். இவர்களுட் பலருக்குக் குதிரை ஒன்றே மூலதனம். கடன் பெற்று வாங்கிய குதிரை கால் ஒடிந்து விழுந்தால் வருமானம் அன்றே நின்றுவிடும். கடன் தவணையோ நில்லாது. புல்வலை என்பது சொற்ப விலையுள்ள சாதனமேயாயினும், சரியாகக் கட்டினால் இத்தகைய நஷ்டங்கள் சிலவற்றைத் தடுக்கும். தவறாகக் கட்டினால் அதுவே நஷ்டத்திற்குக் காரணமாகும். ஆதலின் அதனை உபயோகிக்கும் முறையை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

1. வலை எதற்கு?

மாட்டைப்போலக் குதிரை அசைபோடுவதில்லை. அதன் இரைப்பை சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். ஆனால் அதில் அமிலம் இரவும் பகலும் இடைவிடாது சுரக்கின்றது. அவ்வமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ, குதிரை மெல்லும்போது மாத்திரமே ஊறும். எனவே கொஞ்சங் கொஞ்சமாக நெடுநேரம் மேய்வதே குதிரையின் இயற்கை. ஒரே வேளையில் புல்லைக் கொட்டிவிட்டுப் பின் நெடுநேரம் பட்டினி போட்டால் இரைப்பையில் புண் உண்டாகும்; வயிற்றுவலியும் வரக்கூடும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஆகவே வயிற்றுவலி அதற்கு உயிர்போகும் வியாதியாகவும் முடியலாம்.

வலையிலிட்ட புல்லைக் குதிரை கண்களின் வழியே சிறிது சிறிதாக இழுத்துத் தின்ன வேண்டியிருப்பதால் தீவனம் அதிக நேரம் நிற்கும். தரையில் போட்ட புல்லிலோ ஒரு பங்கு காலில் மிதிபட்டு, லத்தியும் மூத்திரமும் கலந்து வீணாகும். மணற்பாங்கான இடத்தில் புல்லோடு மணலும் வயிற்றிற் சென்று தங்கி வலியை உண்டாக்கும். லத்தியிலுள்ள புழு முட்டைகளும் உட்செல்ல இடமுண்டு.

2. புல்லின் அளவு

குதிரையின் எடையில் நூற்றுக்கு 1½ முதல் 2 பங்கு வரை உலர்ந்த புல் தினந்தோறும் வேண்டும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 4½ முதல் 6 கிலோ ஆகும். கொள்ளு கொடுக்கிறோமே என்று புல்லை 1½ பங்குக்குக் கீழே குறைத்தல் தவறு. கையால் மதிப்பிடுவது பெரும்பாலும் பிழையாகவே முடியும். நிறைத்த வலையைத் தராசுக் கொக்கியில் மாட்டி நிறுத்துப் பார்ப்பதே உத்தமம். இதனை மூன்று வேளையாகப் பிரித்து, இரவுக்குப் பெரும்பங்கை வைக்க வேண்டும்.

3. வலையின் கண்

சாதாரண வலையின் கண் 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். அவசரமாகத் தின்னும் குதிரைக்கும் உடல் பருத்த குதிரைக்கும் 3 அல்லது 4 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலை ஏற்றது. பல் தேய்ந்த கிழக்குதிரைக்குச் சிறு கண் ஆகாது. லாடம் அடித்த குதிரைக்குப் பெரிய கண்ணில் லாடத்தின் முனை சிக்கும் அபாயம் அதிகம். குட்டிகள் உள்ள கொட்டிலில் வலையே வேண்டாம். தொட்டியில் இட்டுக் கொடுப்பதே நன்று.

4. கட்டும் முறை

இதுவே யாவற்றினும் முக்கியமானது. நிறைந்திருக்கும்போது சரியான உயரத்தில் தோன்றும் வலை, புல் தீரத் தீரத் தொய்ந்து கீழிறங்கும். குதிரை தரையைக் காலால் பிறாண்டும்போதும், படுத்து எழும்போதும் குளம்பு அதில் நுழைந்துவிடும். மிரண்டு இழுத்தால் தசைநார் அறும், காலும் ஒடியும். ஆகையால் வலை காலியான பின்னும் அதன் அடிப்பாகம் குதிரையின் மார்புக்குக் கீழே தொங்காதவாறு கட்ட வேண்டும்.

சுவரிலுள்ள வளையம் ஏறக்குறையக் குதிரையின் கண்மட்டத்தில் இருக்கட்டும். அதற்கு மேற்போனால் தூசியும் விதையும் கண்ணில் விழும், கழுத்தும் நோகும். வலையின் வாய்க்கயிற்றை இறுக்கி, வளையத்தின் வழியே விட்டு, கீழே கொணர்ந்து வலையின் அடிப்புறக் கண்ணொன்றில் நுழைத்து, மீண்டும் மேலே இழுத்து முடிக. அடிப்பாகம் இவ்வாறு தூக்கி நிறுத்தப்படுவதால் வலை தொய்வதில்லை. முடிச்சு, ஒரு முனையை இழுத்தவுடன் அவிழ்வதாக இருக்க வேண்டும். பின்பு முடிச்சு சுவர்ப்பக்கம் அமையும்படி வலையைத் திருப்பிவிடுக.

நைலான் கயிறு எளிதில் அறாது. அத்தகைய வலையை வளையத்தில் நேரே கட்டாமல், இடையில் மெல்லிய சணல் கயிற்றால் ஒரு சுற்றுப் போட்டு அதிற் கட்டுவது நலம். கால் சிக்கினாலும் சணல் அறுந்து குதிரை தப்பும்.

வண்டி நிலையத்தில் காத்திருக்கும்போது வலையை வண்டியில் மாட்டினால், சக்கரத்திற்கும் ஏர்க்காலுக்கும் விலகியிருக்கச் செய்க. புறப்படுமுன் அதனைக் கழற்ற மறத்தல் கூடாது.

5. நனைத்தல்

தூசியினால் இருமும் குதிரைக்கு, வலையோடு புல்லைச் சுத்தமான நீரில் 10 முதல் 30 நிமிஷம் வரை அமிழ்த்தி, வடியவிட்டுக் கொடுக்கலாம். நம் உஷ்ணத்தில் அதிக நேரம் ஊறினால் புல் புளித்துவிடும். ஊறிய நீரைக் குதிரை குடிக்க விடாமல் கொட்டிவிடுக. நனைந்த வலை மிகவும் கனக்குமாதலால் வளையம் உறுதியாக இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த புல்லை நனைத்தல் அதைச் சுத்தமாக்காது. அதனை எறிந்துவிடுவதே லாபம்.

6. பாதுகாப்பு

தீவனம் தீர்ந்தவுடன் வலையை அவிழ்த்துவிட வேண்டும். காலி வலையைக் கொட்டிலில் தொங்கவிடலாகாது. நிறைக்குமுன் ஒவ்வொரு நாளும் கண்களைப் பார்வையிடுக. இரண்டு கண் அறுந்து ஒன்றானால், அதில் குதிரையின் குளம்பு நுழைய இடமுண்டு. அன்றே அதைப் பின்னிவிடுக. வாரம் ஒருமுறை துவைத்து நன்றாக உலர்த்துக. ஈரத்துடன் சுருட்டி வைத்த பருத்தி வலையும் சணல் வலையும் உளுத்துப்போகும். உலர்ந்தபின் எலி அணுகாதபடி கம்பியில் மாட்டி வைக்கலாம்.

7. சங்கத்தார் செய்யக்கூடியது

கயிற்றைச் சில்லறையில் வாங்குவதைவிட அங்கத்தினர் ஒன்றுகூடி மொத்தமாக வாங்கினால் விலை குறையும். மீன்வலை பின்னத் தெரிந்தவர் எவரும் புல்வலை பின்னுவர். பொதுத் தராசு ஒன்றும் வாங்கி வைத்தால் எல்லாருக்கும் உதவும். குதிரை வாங்கக் கடன் கொடுக்கும் சங்கம், கொட்டிலில் வலை கட்டியிருக்கும் உயரத்தையும் பார்த்து வருதல் நன்று. கடனைத் திருப்பித் தரப்போவது குதிரையின் நான்கு கால்களே. அவற்றைக் காப்பது அங்கத்தினருக்கும் சங்கத்திற்கும் பொதுவான கடமையாகும்.