தூரத்துச் சர்வரிலிருந்து கோப்புக்களை இழுத்து இறக்கும் முறை

தீர்மானங்களின் நகல், வேலை மதிப்பீடு, வாய்க்கால் வேலையின் புகைப்படம் முதலியவற்றை வேறோர் ஊரிலுள்ள சர்வர் என்னும் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்து, வேண்டும்போது நம் கம்ப்யூட்டருக்கு வரவழைக்கும் முறை பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிய வேண்டியதாகும். களஞ்சியத்திலிருந்து நெல் மூட்டையை வண்டியேற்றி வீட்டுக்குக் கொணர்வது போன்றதே இது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. மூட்டை வந்தால் களஞ்சியத்தில் இருப்புக் குறையும். கோப்பு வந்தாலோ மூலம் அங்கேயே இருக்கும். நமக்கு வருவது நகலே.

இவ்வாறு கோப்புக்களை அனுப்பவும் பெறவும் எப்.டி.பி. என்னும் விதிமுறையை 1971-ஆம் ஆண்டில் எழுதியவர் அபய் பூஷண் என்பவர். இவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்கா சென்றவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியே. எனினும் அம்முறையில் கடவுச்சொல், தபால் அட்டையில் எழுதிய கடிதம் போல், மறைவின்றிச் செல்கிறது. ஆகவே செய்தியை மறைத்து அனுப்பும் எஸ்.எப்.டி.பி. முறையையே கைக்கொள்ளுதல் நலம். குரோம், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகள் பழைய முறையை 2021-ல் கைவிட்டுவிட்டன.

பைல்ஜில்லா என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மேல்வரிசையில் சர்வரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், வாயில் எண் 22 ஆகியவற்றை நிரப்பி இணைக்க வேண்டும். முதல் தடவை, அறியாத சர்வர் என்று ஓர் எச்சரிக்கை தோன்றும். அதில் காணும் அடையாளக் குறியைச் சர்வரை நிர்வகிப்பவரிடம் கேட்டு ஒப்பிட்ட பின்னரே சம்மதிக்க வேண்டும். இணைந்தவுடன் திரை இரு பாகங்களாகக் காணப்படும். இடப்பாகம் நம்முடையது, வலப்பாகம் சர்வருடையது. வலப்பாகத்திலுள்ள கோப்பின்மேல் மௌஸின் இடப் பொத்தானை அழுத்தி, விடாமலே இழுத்துவந்து, இடப்பாகத்தில் நாம் விரும்பும் போல்டரில் விட வேண்டும். பல கோப்புக்கள் வேண்டுமாயின் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேர்ந்து, பின் ஒருசேர இழுக்கலாம்.

கை தளர்ந்தால் நேரும் சங்கடத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பாதி வழியில், வலப்பாகத்திலேயே வேறொரு போல்டரின்மேல் பொத்தானை விட்டுவிட்டால், அங்கே நகல் உண்டாவதில்லை. கோப்பே அப்போல்டருக்குள் நகர்ந்துவிடும். மறுநாள் கணக்குப் பார்ப்பவர் வழக்கமான இடத்தில் தேடுவார், காணார். அது கூலிப் பட்டியலாயிருந்தால் உழைத்தவர்கள் கூலிக்காகக் காத்திருக்க நேரிடும். இதனினும் பெருந்தீங்கு, இடமிருந்து வலமாக இழுப்பது. நம்மிடமுள்ள பழைய பட்டியல் சர்வரிலுள்ள புதியதை அழித்து அமர்ந்துவிடக்கூடும். அதே பெயரில் கோப்பு முன்பே இருப்பதாக ஒரு கேள்வி தோன்றும்போது, இரண்டின் தேதியையும் அளவையும் படிக்காமல் சம்மதம் கொடுத்தல் ஆகாது. பதிவிறக்கம் மட்டுமே செய்ய வேண்டியவர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டுமுள்ள கணக்கைக் கொடுத்தால் இவ்விரு தொல்லைகளும் இல்லை. ஒவ்வொரு பஞ்சாயத்தும் இதைக் கேட்டுப் பெறவேண்டும் என்பது என் கருத்து. மௌஸ் பழகாதவர்கள் இழுக்கவே வேண்டாம். கோப்பின்மேல் வலப் பொத்தானை அழுத்தி, தோன்றும் பட்டியலில் பதிவிறக்கத்தைத் தேர்ந்தாலும் காரியம் முடியும்.

வினாடிக்கு 8 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 100 மெகாபைட் கோப்பு வந்துசேரச் சுமார் 100 வினாடிகளாகும். இடையில் மின்சாரம் நின்றுபோனால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மறுபடி இழுக்கும்போது எழும் கேள்விக்குத் தொடர்க என்று விடையளித்தால் எஞ்சிய பகுதி மட்டும் வரும். சர்வரில் அக்கோப்பு இதற்கிடையே மாற்றப்படாதிருத்தல் வேண்டும். திரையின் அடியில் தோல்வியுற்றவை என்ற பகுதியில் ஏதேனும் தங்கியிருக்கிறதா என்று பார்த்து, இரு பாகங்களிலும் கோப்பின் பைட் எண்ணிக்கை ஒத்திருப்பதைச் சரிபார்த்து, ஒருமுறை திறந்தும் பார்த்த பிறகே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பலர் புழங்கும் கம்ப்யூட்டராயின் கடவுச்சொல்லை அதில் சேமித்து வைக்கலாகாது.