'ஆயுசுக்கும் ஒரே பணம்' – யாருடைய ஆயுசு?



கோவிலம்பாக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்டு ஒரு கோரிக்கை வந்தது. மசாலாப் பொடியும் வடகமும் போட்டு விற்கும் உறுப்பினர் கேட்டது நாலாயிரம் ரூபாய். எதற்கு? விளம்பரம் எழுதித் தரும் ஏ.ஐ. மென்பொருள் வாங்குவதற்கு. "மாசா மாசம் கட்ட வேணாம் மேடம், ஒரு தடவை கட்டிட்டா ஆயுசுக்கும் நம்மளுது" என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. குழுப் பணம் என்பதால் இதை நாம் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

'ஆயுசுக்கும்' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 2005 கடைசியிலும் 2006-லும் செல்போன் கம்பெனிகள் 'லைஃப்டைம்' கார்டு விற்றது ஞாபகம் இருக்கிறதா? ஆயிரம் ரூபாய்க்குள் கட்டினால் வாழ்நாள் முழுக்க இன்கமிங் என்றார்கள். யாருடைய வாழ்நாள் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கம்பெனியின் உரிமம் இருக்கும் வரைதான் வாழ்நாள், அந்த உரிமம் எந்த மாதம், எந்த வருடம் முடிகிறது என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்று 2006-ல் டிராய் உத்தரவு போட்டது. பிறகு 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு கொடுத்தது. எந்தத் திட்டத்தில் இருந்தவரும் நம்பரைக் காப்பாற்ற வேறு கம்பெனிக்கு ஓட வேண்டியிருந்தது. அதே வருடக் கடைசியில் வேறு பெரிய கம்பெனிகள், மாதம் 35 ரூபாயாவது ரீசார்ஜ் செய்யாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும் என்றன.

மென்பொருளில் இதைவிடச் சிக்கல் உண்டு. மிக்சி வாங்கினால் அது நம் வீட்டில் இருக்கும். கரண்டு பில்லும் நாம்தான் கட்டுவோம். இந்த எழுத்து மென்பொருள் நம் போனில் ஓடுவதே இல்லை. நாம் ஒரு வரி கேட்டால், அது எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் போய்த்தான் பதில் வருகிறது. விற்கிற சின்னக் கம்பெனிகள் பல, ஓபன்ஏஐ போன்ற பெரிய கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்துத்தான் நமக்குத் தருகின்றன. நாம் எழுத எழுத அவர்களுக்குச் செலவு ஏறும். நம்மிடம் வாங்கியதோ ஒரே ஒரு தடவை. வட்டி வராத சீட்டை எத்தனை நாள் நடத்த முடியும், நீங்களே சொல்லுங்கள்! அதனால்தான் பிறகு 'மாதம் இத்தனை வார்த்தைதான்' என்று குறைப்பார்கள், அல்லது பழைய வகைதான் உங்களுக்கு, புதியதற்குத் தனிப்பணம் என்பார்கள். கடையையே மூடினாலும் கேட்க ஆளிருக்காது.

விலையும் வேகமாக இறங்குகிறது. சாட்ஜிபிடி 'கோ' திட்டம் 2025 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 399 ரூபாய். நவம்பரில் அதையே, பதிவு செய்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்றார்கள். ஆகஸ்டிலேயே ஆயுள் கணக்குப் போட்டு யாராவது கட்டியிருந்தால்? (இலவசத்துக்கும் கெடு உண்டு. அட்டை விவரம் அல்லது யுபிஐ ஆட்டோபே கேட்டால், எந்தத் தேதியில் பணம் பிடிப்பார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சம்மதம் தர வேண்டும்.)

வாங்கியே ஆக வேண்டுமென்றால் விற்பவரிடம் இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள்: ஆயுள் என்றால் எதுவரை? மாதத்துக்கு எத்தனை வார்த்தை? தமிழில் சரியாக எழுதுமா? எத்தனை நாளுக்குள் பணம் திரும்பக் கேட்கலாம்? கம்பெனி முகவரி எங்கே? பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915-க்குப் பேசுங்கள். மோசடி என்று தெரிந்தால் உடனே 1930. ஆனால் விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் பணம் திரும்புவது கஷ்டம்தான்.

இன்னொன்று. இந்த மென்பொருள் அழகாக எழுதும், கூடவே கற்பனையும் கலக்கும். "சர்க்கரை நோயைக் குணமாக்கும் பொடி" என்று எழுதித் தந்தால், அதை பாக்கெட்டில் ஒட்டியதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான். லேபிளில் முதலில் இருக்க வேண்டியது உணவுப் பாதுகாப்புத் துறை தரும் 14 இலக்க எண்.

அந்தக் குழுவில் என்ன ஆயிற்று? ஒரு மாதம் இலவச மென்பொருளில் எழுதிப் பார்க்கட்டும், அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் மாதச் சந்தா மட்டும் கட்டட்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். கடன் கொடுத்தார்கள், ஆனால் பாக்கெட் ஒட்டும் சீலிங் மிஷினுக்கு. தவணை ஒழுங்காக வருகிறது.