ஆசிரியரின்றி ஐரிஷ் பாஷை

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என்னால், ஆசிரியர் துணையின்றி ஐரிஷ் பாஷையைக் கற்க இயலுமா? (ஒரு வாசகர், அம்பத்தூர்)

பதில்: தாராளமாக இயலும். அயர்லாந்தில் பிறந்து, 1838-இல் சென்னையில் வந்திறங்கிய கால்டுவெல், தமிழைக் கசடறக் கற்று, 1856-இல் திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்தையே வெளியிட்டாரென்றால், அவர் பிறந்த நாட்டின் பாஷை நமக்கு மட்டும் எங்ஙனம் அசாத்தியமாகும்? 1980-இல் வெளியான, மீஹால் ஓ ஷீலின் ‘லேர்னிங் ஐரிஷ்’ என்னும் நூலை, அதற்குரிய ஒலிப்பதிவுகளோடு சேர்த்தே பயிலுங்கள். ஏனெனில், ‘காத்’ என்னும் பூனை, ‘என் பூனை’ ஆகும்போது ‘மொ ஹாத்’ என்று முதலெழுத்தின் ஒலியே திரிந்துவிடும் இப்பாஷையில், எழுத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு உச்சரிப்பு ஒருபோதும் சித்திக்காது. மன்ஸ்டர், கொனாக்ட், அல்ஸ்டர் என்னும் மூன்று வழக்குகளுள், அந்நூல் போதிக்கும் கொனாக்ட் வழக்கையே முதலில் பற்றிக்கொண்டு, நித்தமும் அரைமணி நேரம் வாய்விட்டுப் படித்து வாருங்கள்; முயற்சி நிச்சயம் கைகூடும்.