வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல

கோடையில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் சூடேறும்போது, பவளப்பாறைகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடுவது உண்டு. 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் அப்படி நடந்தது. இதைப் பார்க்கும் மீனவர்களும் படகோட்டிகளும் பாறை செத்துவிட்டதென்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் அது இன்னும் உயிரோடுதான் இருக்கும்.

பெயர்தான் பாறை, அதைக் கட்டுவது பவள மொட்டு (குழல்போன்ற உடலும் வாயைச் சுற்றி உணர்கொம்புகளும் உள்ள சிற்றுயிர்). நீந்தி வரும் இளம் பவளம் கெட்டியான தரையில் ஒட்டி, கடல்நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கூடு கட்டுகிறது. பிறகு மொட்டுவிட்டுப் பெருகுகிறது. பழைய கூட்டின்மேல் புதுக் கூடு ஏறி ஏறித்தான் பாறை உயர்கிறது. உருண்டைப் பவளங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு 2 செ.மீ.க்கு மேல் வளர்வதில்லை. கிளைப் பவளங்களில் சில 10 செ.மீ. வரை வளர்வதுண்டு.

மொட்டின் உடலுக்குள் நுண்பாசிகள் (கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் உயிர்கள்) குடியிருக்கின்றன. வெயிலைக் கொண்டு இவை தயாரிக்கும் உணவே பவளத்தின் முக்கிய ஆதாரம். பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இவற்றால் வருவதுதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலான சூடு சில வாரங்கள் நீடித்தாலே பவளம் இந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். இதுவே வெளிறல் (பாசியை இழந்து வெண்கூடு தெரிவது). சூடு விரைவில் தணிந்தால் பாசிகள் திரும்பிப் பெருகும். நீடித்தால் பவளம் பட்டினியில் சாகும்.

உயிர் இருக்கிறதா என்று தொடாமலே அறியலாம். வெளிறிய பவளத்தை உற்றுப் பார்த்தால் வெண்கூட்டின்மேல் கண்ணாடிபோல் மெல்லிய தசை படிந்திருக்கும். செத்த பவளத்தில் தசை இருக்காது. சில நாள்களிலேயே பழுப்பும் பச்சையுமாகப் பாசி படரும். ஒரு பகுதி மட்டும் வெளுத்து, அதன் விளிம்பு நாளுக்கு நாள் நகர்ந்தால் நோய் என்று சந்தேகிக்கலாம்.

கடலின் வெப்பத்தை நம்மால் குறைக்க முடியாது. ஆனால் நலிந்த பவளத்துக்கு வேறு சுமை சேராமல் பார்த்துக்கொள்ளலாம். நங்கூரத்தை மணல்தரையில் மட்டும் போடுங்கள். பாறையில் வலை சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். படரும் பாசியை மேய்ந்து குறைக்கும் கிளிமீன்களைப் பாறைப் பகுதியில் பிடிக்காதீர்கள். கடலில் இறங்குபவர்கள் பாறைமேல் நிற்கக் கூடாது. வெளிறலைப் பார்த்த இடம், நாள், ஆழம் ஆகியவற்றைக் குறித்து, படம் இருந்தால் அதையும் சேர்த்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

குறுக்கு வழிகள் வேண்டாம். வெளுத்த பவளத்தைத் தேய்த்துக் கழுவினால் மிச்சத் தசையும் கிழியும். கிளையை ஒடித்து வேறிடத்தில் நட்டுப் பார்ப்பதும் தவறு. மறுநடவு பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களின் வேலை. பழைய டயர்களைப் போட்டால் பவளம் வளரும் என்பாரும் உண்டு. 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம் லட்சக்கணக்கில் டயர்களை இறக்கினார்கள். கட்டு அவிழ்ந்த டயர்கள் நீரோட்டத்தில் உருண்டு, பக்கத்தில் இருந்த இயற்கைப் பவளத்தையும் நொறுக்கின. கரையொதுங்கிய பவளத் துண்டை அலங்காரத்துக்கு எடுத்துச் செல்வதும் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். உலகக் கடல்தரையில் பவளப்பாறைகளின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் கடல் உயிரினங்களில் ஏறத்தாழ கால்வாசி, வாழ்வின் ஏதாவதொரு கட்டத்தில் அவற்றை நம்பியிருக்கின்றன. அலையின் வேகத்தைக் கரைக்கு வருமுன் தணிப்பதும் அவைதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காக நெடுங்காலம் பவளம் வெட்டியது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எனவே வெளிறல் கண்ட பகுதியில், பவளம் பழைய நிறத்துக்குத் திரும்பும்வரை, படகுப் போக்குவரத்தையும் மீன்பிடிப்பையும் உங்கள் ஊர்க்கூட்டத்தில் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள்.