எண்ணெய்த் தடமும் உருட்டுபந்தும்

கருவி வலிதாயின் வினை எளிதில் முடியும் என்பது பலர் கொண்ட கருத்து. விலை மிக்கதே சிறந்தது, வேகம் மிக்கதே வல்லது என்று எண்ணுவார் நம்மிடையிலும் உளர். ஆயின், வினை நிகழும் இடத்துக்கும் செய்வான் ஆற்றலுக்கும் பொருந்தாத கருவி, எத்துணை வலிமை உடையதாயினும், உதவாதொழிவதோடு தோல்விக்கும் காரணமாகும். இவ்வுண்மையை ஐயமறக் காட்டும் துறைகளுள் ஒன்று, அமெரிக்க நாட்டில் பெருவழக்காயுள்ள பௌலிங் என்னும் பத்துமுளை ஆட்டம். அவ்வாட்டத்தில், நடுத்தர அளவாக எண்ணெய் பூசிய தடத்துக்கு ஏற்ற பந்தினைத் தெரிந்தெடுக்கும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஓர் இளைஞன் பல வாரம் உழைத்துச் சேர்த்த பொருளுடன் பந்து விற்கும் கடையிற் புகுகின்றான் என வைத்துக்கொள்வோம். அவனால் வாங்கக்கூடியது ஒரே பந்து. அவன் கையளவுக்கு ஏற்பப் பந்தில் விரற்றுளைகள் இடப்பட்டபின் அதனைத் திருப்பித் தருதல் அரிது. ஆகவே, அவன் தெரிவு பிழைத்தால் பொருளும் போம். அவ்வாண்டின் ஆட்டமும் கெடும். அவன் எதனை வாங்குதல் வேண்டும்?

ஆட்டத்தின் இயல்பு

பௌலிங் என்றவுடன் நம் கல்லூரித் திடலிற் கிரிக்கெட்டுப் பந்து வீசுவாரை நினையற்க. இது கூரையின்கீழ் ஆடப்படுவது. 39 பலகைகளின் அகலமும், அஃதாவது ஏறக்குறைய 41½ அங்குலமும், ஆடுவான் நிற்கும் எல்லைக்கோட்டிலிருந்து முதல் முளைவரை 60 அடி நீளமும் உடைய ஒரு தடம். அதன் கோடியில் பத்து முளைகள் முக்கோண வடிவில் நான்கு வரிசையாக நிற்கும். ஒவ்வொரு முளையும் 15 அங்குல உயரமும் சுமார் 3½ பவுண்டு எடையும் உடையது. பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 8½ அங்குலம். எடை 16 பவுண்டுக்கு மேற்படலாகாது. இவ்வாட்டத்தை நெறிப்படுத்துவதற்கு 1895இல் நியூயார்க்கு நகரில் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அதன் வழிவந்த ஐக்கிய அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 2005 முதல் அந்நாட்டில் விதிகளை வகுத்து வருகின்றது.

முதல் உருட்டிலேயே பத்தையும் வீழ்த்துதல் ஸ்ட்ரைக் எனப்படும். முதல் முளையை நேர்நடுவிற் சென்று தாக்கினால் யாவும் விழும் எனத் தோன்றும். உண்மை அதுவன்று, அங்ஙனம் தாக்கின், இரு பக்கத்தும் முளைகள் பிரிந்து எஞ்சுதல் பெரும்பான்மை. வலக்கையாளன் பந்து முதல் முளைக்கும் மூன்றாம் முளைக்கும் இடைப்பட்ட சந்தினுள் பக்கவாட்டிற் சாய்ந்து புகுதல் வேண்டும். அச்சாய்வு ஏறக்குறைய ஆறு பாகையாயின் ஸ்ட்ரைக் மிகுதியும் வாய்க்கும் என்று ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். நேர்கோட்டில் உருட்டும் பந்துக்கு ஒன்றிரண்டு பாகைக்கு மேற் சாய்வு கிட்டாது. எனவே பந்து வளைந்து செல்லுதல் இன்றியமையாததாயிற்று.

வளையும் பந்துக்கு மூன்று நிலைகள் உண்டு. முதற்கண் வழுக்கிச் செல்லும், பின்னர் வளையும், ஈற்றில் தன் அச்சில் நிலைத்து உருளும். வழுக்கல் நீண்டால் பந்து சந்தினை எட்டாது. வளைதல் முந்தினால் ஆற்றல் வழியிலேயே தேய்ந்து, முளைகளை அடையும்போது பந்து தளர்ந்திருக்கும். இம்மூன்றையும் அளவோடு அமைப்பதே பந்து தெரிவதன் முழுப் பயன்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசியலில் உரைக்கப்பட்டனவேனும், பந்து தெரிவானுக்கும் அம்மூன்று அறிவுமே வேண்டப்படுவன. இவ்வாட்டத்தில் இடமே முதற்கண் அறியத்தக்கதாதலின், ஈற்றிலிருந்து தொடங்குவோம்.

இடனறிதல்

தடத்தில் எண்ணெய் பூசுவது ஏன் எனின், பண்டு தடங்கள் மேப்பிள், பைன் என்னும் மரங்களால் ஆயின. பந்தின் உராய்வினால் மரமும் அதன் மெருகும் தேயாமற் காத்தற்கு எண்ணெய் இடப்பட்டது. இன்று செயற்கைத் தடங்கள் பரவிய பின்னரும் அவ்வழக்கம் நிலைத்ததோடு, ஆட்டத்தின் போக்கையே வகுப்பதாகவும் ஆயிற்று.

பொதுக் கூடங்களில் எண்ணெய் எல்லைக்கோட்டருகிற் தொடங்கி ஏறக்குறைய 40 அடிவரை பூசப்படும். எஞ்சிய 20 அடி உலர்ந்திருக்கும். அகலவாட்டிலும் அது சமமாக இராது. நடுப்பலகைகளில் மிக்கும் ஓரங்களிற் குறைந்தும் இருக்கும். தடம் ஒன்றுக்கு மொத்தம் 20 முதல் 25 மில்லிலிட்டர்வரை இட்டால் அதனை நடுத்தரம் என்பர். அதனினும் மிக்கது கனத்த தடம், குறைந்தது உலர்தடம். இவ்வளவு எத்துணைச் சிறிது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவன் தலை முழுகுதற்கு உள்ளங்கையில் ஏந்தும் எண்ணெயை 40 அடித் தடம் முழுவதும் பரப்பினால் எவ்வாறிருக்கும்? கணக்கிட்டால் அப்படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டதில் இரண்டு கூறளவே. ஆயினும், உராய்வெண் எண்ணெய்ப்பகுதியில் சுமார் 0.04 என்றும் உலர்பகுதியில் சுமார் 0.20 என்றும் அளந்தோர் கூறுவர். கண்ணுக்கு எளிதிற் புலனாகாத இம்மெல்லிய படலம் பந்தின் பிடிப்பை ஐந்திலொன்றாக்கி விடுகின்றது.

தடத்தைக் கண்ணால் அறிய இயலாதவன் பந்தின் போக்கால் அறிதல் வேண்டும். இதற்கு ஆட்டக்காரர் ஓர் எளிய கணக்கும் கைக்கொள்வர். எண்ணெயின் நீளத்தை அடியில் எண்ணி, அதனினின்று 31ஐக் கழித்தால் வரும் எண், எண்ணெய் முடியுமிடத்தில் பந்து நிற்கவேண்டிய பலகையைக் காட்டும். 40 அடியாயின் 9ஆம் பலகை. வலக்கையாளன் வலவோரத்திலிருந்து எண்ணிக்கொள்ளுதல் வேண்டும். இது துல்லியமான விதியன்று. தொடங்குதற்கு ஒரு வழித்துணை.

காலமறிதல்

முதல் ஆட்டத்திற் கண்ட தடம் மூன்றாம் ஆட்டத்தில் இல்லை. உருளுந்தோறும் பந்துகள் எண்ணெயைத் தம்மேல் ஏற்றிக்கொண்டு போதலின், பலரும் பந்து செலுத்தும் வழி சிறிது சிறிதாக உலர்கின்றது. அவ்விடத்தில் பந்து முன்னரினும் விரைந்து வளையத் தலைப்படும். முதலாட்டத்தில் சந்தினுள் அழகாகப் புகுந்த பந்து, பின்னர் முதல் முளையின் நேர்முகத்தே சென்று மோதக் காண்கின்றோம். அப்போது தேர்ந்தவன் பந்தைப் பழியான். தான் நிற்கும் இடத்தை இடப்பக்கம் இரண்டொரு பலகை மாற்றி, எண்ணெய் மிக்க பகுதியை நாடுவான்.

இதனாற் பெறப்படுவது யாது? ஒரே பந்து உடையவன், புதிதாகப் பூசிய தடத்தில் மட்டும் சிறக்கும் பந்தை வாங்கலாகாது. மாலை முழுதும் தடம் மாறுங்கால், திடீரெனத் தன் இயல்பை மாற்றாது, மாற்றத்தை முன்னறிவிக்கும் பந்தே அவனுக்கு வேண்டுவது.

வலியறிதல்

ஈண்டு வலி என்றது ஆடுவான் வலியை. பந்தைப் புறப்படுத்தும் வேகம் மணிக்கு 16 முதல் 18 மைல்வரை இருத்தல் நடுத்தரம். அவ்வேகத்தில் 60 அடியைக் கடத்தற்கு ஏறக்குறைய இரண்டரை நொடி செல்லும். அதனோடு, விரல்கள் பந்துக்கு ஊட்டும் சுழற்சியும் கணிக்கத்தக்கது. நிமிடத்துக்கு 300 சுற்றினை ஒட்டியது நடுத்தரம். வேகம் மிக்குச் சுழற்சி குறைந்தவனுடைய பந்து வளைவதற்குப் பொழுதின்றி ஓடிவிடுமாதலின், அவன் பிடிப்பு மிக்க பந்தை நாடுதல் தகும். சுழற்சி மிக்கு வேகம் குறைந்தவனோ பிடிப்புக் குறைந்ததையே கொள்ளுதல் வேண்டும். ஒரே தடத்தில், ஒரே நாளில், இருவர்க்கு இருவேறு பந்துகள் பொருந்துவது இதனாலேயே. பிறனொருவன் வெற்றி கண்டு அவன் பந்தை வாங்குபவன், அவன் கையையும் உடன் வாங்க இயலாதென்பதை மறக்கின்றான்.

எடையிலும் இவ்வாறே. மணிக்கட்டு நோவாமல் மூன்று ஆட்டமும் ஒரே சீராக வீசக்கூடிய எடையே தக்கது. வளர்ந்தோர் பலர் 14, 15 பவுண்டுப் பந்துகளையே கொள்வர்.

கருவியறிதல்

பந்தின் இயல்பு மேற்றோல், தோலின் மெருகு, உட்கரு என்னும் மூன்றால் ஆவது.

பண்டைப் பந்துகள் கடினமான மரத்தால் ஆயின. 1905இல் வன்ரப்பர்ப் பந்தும், பின்னர் 1960ஐ ஒட்டிப் பாலியெஸ்டர்ப் பந்தும், 1980களின் தொடக்கத்தில் யூரிதேன் பந்தும், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் என்னும் பொருளாலாய பந்தும் தோன்றின. இறுதியிற் கூறியதன் தோலில் நுண்டுளைகள் உள்ளன. அவை எண்ணெயை உறிஞ்சுதலால் தோல் தடத்தைப் பற்றுகின்றது. நடுத்தரத் தடத்துக்கு இதுவே ஏற்புடையது. பாலியெஸ்டர் மிகவும் வழுக்குமாதலின், மூலையில் எஞ்சிய ஒற்றை முளையை நேர்வழியில் வீழ்த்துதற்கே பயன்படும்.

ரியாக்டிவ் பந்திலும் மூன்று வகை உண்டு. சாலிட் என்பது தடத்தை முந்திப் பற்றி ஒழுங்காக வளையும். பேர்ல் என்பது நெடிது வழுக்கி, உலர்பகுதியை அடைந்தபின் சடுதியில் திரும்பும். ஹைப்ரிட் என்பது இரண்டன் கலப்பு. பேர்லின் திருப்பம் காண்பார்க்குக் களிப்பூட்டும். ஆயின் குறி சிறிது வலப்பக்கம் தவறினால் மிகையாகப் பாய்ந்தும், இடப்பக்கம் தவறினால் வளையாது வழுக்கியும், புதியவனை அலைக்கழிக்கும்.

மெருகினை மணல்தாள் எண்ணால் அளப்பர். 500 என்பது கரடு. 4000 என்பது வழவழப்பு. நடுத்தரத் தடத்துக்கு 2000, 3000 என்பன பெரும்பாலும் பொருந்தும். மெருகை மாற்றுதல் எளிது. போட்டி தொடங்குமுன் மாற்றலாம், நடுவில் மாற்றுதல் விதிக்கு மாறு. இதனால் ஒரே பந்தைப் பல நிலைக்கு இயைத்தல் கூடும் என்பது பொருள் குறைந்தார்க்கு ஒரு நற்செய்தி.

உட்கரு என்பது பந்தினுள்ளே அமைந்த கனத்த கட்டி. சுழற்சி ஆரம் என்னும் அளவு, பந்து எத்துணை விரைவில் உருளத் தொடங்கும் என்பதைக் காட்டும். விதிப்படி அது 2.46 முதல் 2.80 அங்குலத்துள் அமைதல் வேண்டும். எண் குறைந்தால் உருளல் முந்தும். வேறுபாட்டெண் என்பது பிறிதோர் அளவு. அதன் மேலெல்லை 0.060. இஃது உயர்ந்தால், உருளுந்தோறும் பந்தின் புதுப்பகுதி தடத்தைத் தொட்டுப் பிடிப்பு மிகும். நடுத்தரத் தடத்துக்குச் சமச்சீர்க் கருவும், 2.48 முதல் 2.57 வரை ஆரமும், 0.040 முதல் 0.050ஐ ஒட்டிய வேறுபாட்டெண்ணும் உடைய பந்து தக்கது. ஸ்டார்ம் நிறுவனத்தார் ஆக்கிய ஹை ரோட் என்னும் ஹைப்ரிட் பந்தும், ஃபேஸ் டூ என்னும் சாலிட் பந்தும் இவ்வினத்துக்கு அறியப்பட்ட சான்றுகள். பதினைந்து பவுண்டில் முன்னதன் ஆரம் 2.57, பின்னதன் ஆரம் 2.48. ஆதலின் முன்னது சற்று நெடிது வழுக்கும். பின்னது முந்தி உருளும்.

மிகைவலியின் குற்றம்

கடையில் நம் இளைஞன் கண்ணை முதலிற் கவர்வது சமச்சீரற்ற கருவும் கரடான தோலும் உடைய பெருவிலைப் பந்தே. அது கனத்த எண்ணெய்க்கென ஆக்கப்பட்டது. நடுத்தரத் தடத்தில், சிறப்பாக இரண்டாம் ஆட்டத்துக்குப்பின், அஃது எண்ணெய் முடியுமுன்னரே வளையத் தொடங்கி ஆற்றலை இழக்கும். சந்தினைத் தொட்டாலும் தளர்ந்து தொடும். வலமூலையிலுள்ள பத்தாம் முளை அசையாது நிற்கும். அவனோ தன் கையைக் குறைகூறி வேகத்தைக் கூட்டுவான். நடை கெடும், தோள் வலிக்கும், ஆட்டத்தின்மேல் வெறுப்புத் தோன்றும். குற்றம் கையிலும் இல்லை, பந்திலும் இல்லை; பொருத்தத்திலே உளது.

நடுத்தரப் பந்தை முதலிற் கொள்ளுதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. அஃது ஓர் அளவுகோலாம். அது முந்தி வளைந்தால் தடம் உலர்ந்தது எனவும், வளையாது ஓடினால் எண்ணெய் மிக்கது எனவும் ஆடுவான் அறிவான். பின்னாளில் இரண்டாம் பந்து வாங்கும் வசதி வாய்க்குங்கால், அது முதலதனினும் வலிதாதல் வேண்டுமோ மெலிதாதல் வேண்டுமோ என்பதை அவ்வளவுகோலே சொல்லும். மிகைவலிப் பந்தைக்கொண்டு தொடங்கியவனுக்கு இவ்வறிவு எளிதிற் கிட்டாது.

வாங்கியபின் பேணுதலும் கடன். ஒவ்வோர் உருட்டுக்குப் பின்னும் உலர்துணியால் எண்ணெயைத் துடைத்தலும், ஆட்டம் முடிந்தவுடன் தக்க நீர்மத்தால் தூய்மை செய்தலும், மெருகு தேய்ந்தபோது அதனைப் புதுக்குதலும் வேண்டும். இவற்றைச் செய்யாதவன் பந்து, எண்ணெயை உண்டு உண்டு, தடத்தைப் பற்றும் திறனை இழக்கும்.

ஆகவே, நம் இளைஞன் விற்பவனை நோக்கி, "மிக வலிய பந்து எது?" என்று வினவற்க. "நான் ஆடும் கூடத்தின் தடம் இத்தன்மையது, என் வேகமும் சுழற்சியும் இத்துணைய, மூன்று ஆட்டம்வரை என்னோடு நிற்கும் பந்து எது?" என்று வினவுக. இவ்வினாவைத் தொடுக்க வல்லவன் தான் ஆடும் தடத்தையும் தன் கையையும் முன்னரே ஆராய்ந்தவனாவான். பந்து தெரிவதில் அரிய பகுதி அதுவே. எஞ்சியது விலை கொடுத்தலும் விரற்றுளை இடுதலுமே.