பாயிண்டா, எலக்ட்ரானிக்கா? பழைய பெட்ரோல் இஞ்சினுக்கு எது தோது?

திருவேங்கடம் வட்டாரம் கரிசல் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம் எல்லாம் போடுகிறோம். உளுந்து விதைத்து 35 நாள் வாக்கில் பூ எடுக்கும்போது மழை தள்ளிப்போனால், பண்ணைக்குட்டையிலிருந்து ஒரு தண்ணி விட்டால் போதும், பயிர் நிமிர்ந்துவிடும். அந்த ஒரு தண்ணிக்காகத்தான் எங்களில் பலர் பழைய பெட்ரோல் பம்புசெட்டை வைத்திருக்கிறோம். வருஷத்தில் பத்து நாள்தான் அதுக்கு வேலை. அந்தப் பத்து நாளில் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழண்டும் இஞ்சின் கிளம்பவில்லை என்றால், பூ கொட்டின பிறகு ஓடி என்ன பிரயோசனம்?

"பழைய பாயிண்டைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் மாட்டிரலாமா? நம்ம பழைய டிராக்டருக்கும் போடலாமா?" என்று என்னிடம் பல பேர் கேட்கிறார்கள். அதற்கான பாடம் இது.

டீசலுக்கு இந்தக் கேள்வியே கிடையாது

நம்ம ஊரில் உழுகிற டிராக்டர் எல்லாம் டீசல். டீசல் இஞ்சினில் பிளக் தீப்பொறி கிடையாது. காற்றை 16, 18 மடங்கு அமுக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அது கிளம்பாவிட்டால் பம்பு, நாசில், பில்டர், ஏர் பிடித்தல், பேட்டரி என்று பார்க்க வேண்டும். பாயிண்ட் இருப்பது பெட்ரோல், சீமெண்ணெய் இஞ்சின்களில்தான். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்த பெர்குசன் டி.இ.20 மாதிரி பெட்ரோல் டிராக்டர் யாரிடமாவது இருந்தால், அவர்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும்.

பாயிண்ட் என்ன செய்கிறது?

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழில் உள்ள பக்கம். குச்சியை உரசுகிற அந்த நொடிதான் முக்கியம் என்று எல்லோருக்கும் தெரியும். இஞ்சினிலும் அப்படித்தான்.

சின்ன பம்புசெட்டில் பேட்டரி கிடையாது. பிளைவீலில் இருக்கும் காந்தம் சுற்றும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்வரை அது சுற்றிவரும். கேம் வந்து பாயிண்டைத் திறந்ததும் ஓட்டம் சட்டென்று அறுபடும். அந்த அதிர்ச்சியில் காயிலின் இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறியாகத் தாவும். பாயிண்ட் திறக்கும் இடத்திலேயே பொறி வீணாகிவிடாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சர்.

எலக்ட்ரானிக்கில் இந்தத் திறந்து மூடும் வேலையை ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் மாதிரியான பாகம் செய்கிறது. உரசுகிற, தேய்கிற பாகம் எதுவும் இல்லை. வித்தியாசம் இவ்வளவுதான்.

இரண்டும் கெட்டுப்போகும் விதம்

பாயிண்ட் சொல்லிவிட்டுக் கெடும். கேமில் உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், இஞ்சின் இழுவை குறையும், கயிறு இரண்டு இழுப்பு கூடுதலாகக் கேட்கும். முகம் கறுத்து ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக ஆனால் கண்டென்சரைச் சந்தேகப்படலாம். எட்டு மாதம் கொட்டகையில் கிடந்தால், தேய்மானமே இல்லாமல் பாசம் மட்டும் பிடித்து பொறி நின்றுவிடும். மானாவாரிக்காரர் இஞ்சினில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. துடைத்தால் சரியாகிவிடும்.

எலக்ட்ரானிக் சொல்லாமல் போகும். வருஷக்கணக்கில் கை வைக்காமல் ஓடும், டைமிங் மாறாது. ஆனால் போகும் அன்று முழுசாகப் போய்விடும். பிரித்து ரிப்பேர் செய்ய முடியாது, புதுசு வாங்கித்தான் ஆகணும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குட்டைக் கரையில் போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் கணக்கில் எடுக்கணும்.

இன்னொரு வித்தியாசம்: பாயிண்ட் உள்ள இஞ்சின் மெதுவாகக் கயிறு இழுத்தாலும் பொறி கொடுக்கும். பல எலக்ட்ரானிக் பெட்டிகளுக்கு ஒரே வேகமான இழுப்பு வேண்டும். வயதானவர்கள் இழுக்கிற இஞ்சின் என்றால் இதை யோசியுங்கள்.

மாற்றுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

"பாயிண்ட் போச்சு" என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் வேறு கோளாறாகத்தான் இருப்பதை நான் பார்க்கிறேன். வரிசையாகப் பாருங்கள்.

1. பெட்ரோல் புதுசா? இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கார்புரேட்டரில் கிடந்தால் பிசின் கட்டும்.
2. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரியும் சீமெண்ணெய் ஈரமுமாக இருந்தால் துடைத்து, இஞ்சின் புத்தகத்தில் சொன்ன இடைவெளி வையுங்கள்.
3. ஸ்டாப் சுவிட்சு ஒயர் எங்காவது உரிந்து இரும்பில் தொட்டால் பொறியே வராது. அந்த ஒயரை மட்டும் கழற்றிச் சோதியுங்கள்.
4. பிளக்கை கேப்போடு மாட்டி, அதன் உடம்பை இஞ்சின் இரும்பில் நன்றாகத் தொடவைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடித்துக் கயிறு இழுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கேன் இருக்கக் கூடாது. நீலமாகச் சடசடவென்று வந்தால் பொறி நல்லது; மஞ்சளாக மெலிந்து வந்தால் பலவீனம்.
5. பொறி இல்லையென்றால் பாயிண்டை மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு சுத்தமான வெள்ளை அட்டையை நடுவில் வைத்து உருவுங்கள். தூளும் எண்ணெயும் போய்விடும்.
6. பீலர் கேஜ் வைத்து இடைவெளி பாருங்கள். பல சின்ன இஞ்சின்களில் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். உங்கள் இஞ்சின் புத்தகம் வேறு சொன்னால் அதுதான் சரி.

பாயிண்டில் அடிக்கடி எண்ணெய் படிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. பிளைவீல் சாவி வெட்டுப்பட்டிருந்தால் டைமிங் தப்பும். இந்த இரண்டையும் எலக்ட்ரானிக் குணப்படுத்தாது. பிளைவீலைக் கழற்றச் சுத்தியலால் அடிக்காதீர்கள்; புல்லர் போடுங்கள். அடி வாங்கினால் பிளைவீல் கீறும், காந்தமும் வலு இழக்கும்.

யாருக்கு எது?

வருஷத்தில் சில நாள் ஓடும் இஞ்சின், ஷாப்ட் ஆட்டம் இல்லை, பாயிண்டும் கண்டென்சரும் சங்கரன்கோவிலிலோ கோவில்பட்டியிலோ கிடைக்கிறது என்றால், பாயிண்டே போதும். நம் கையால் சரிசெய்ய முடிந்ததை நாமே விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்த மாடலுக்குப் பாயிண்ட் கிடைக்கவே இல்லை, அல்லது ஷாப்ட் புஷ் தேய்ந்து எத்தனை தடவை வைத்தாலும் இடைவெளி நிற்கவில்லை, அல்லது களையெடுக்க, தெளிக்க என்று தினசரி ஓடுகிறது என்றால் எலக்ட்ரானிக் போடுங்கள். காசுக்குத் தகும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் சொல்ல வேண்டியவை: காந்தத்தில் ஓடுவதா, பேட்டரியில் ஓடுவதா, பேட்டரி என்றால் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா. டி.இ.20 வரும்போது பாசிட்டிவ் எர்த். முந்தியவை 6 வோல்ட், பிந்தியவை 12. மாற்றிக் கொடுத்தால் புதுப் பெட்டி அந்த நொடியே போய்விடும். காந்த இஞ்சினின் ஸ்டாப் ஒயரில் பேட்டரி கரண்ட் கொடுக்கக் கூடாது. பிளக் கேப்பை அந்தரத்தில் விட்டுக் கயிறு இழுக்கவும் கூடாது.

புரட்டாசியில் ஒரு மணி நேரம்

எதை வைத்திருந்தாலும், மழைக்கு முன்னால் இஞ்சினை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாயிண்டைத் துடைத்து, கேம் உரசும் இடத்தில் அரிசி அளவு கிரீஸ் தடவுங்கள். கூடினால் பாயிண்டில் தெறிக்கும். சீமெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துங்கள், அடுத்த தடவை லேசாகக் கிளம்பும். சீசன் முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

எலக்ட்ரானிக் மாட்டியவர்கள் கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எண்ணெய்த் துணியில் சுற்றி, பீலர் கேஜோடு ஒரு டப்பாவில் போட்டு கொட்டகையிலேயே வையுங்கள். விதைக்கு மறுவிதை வைத்திருக்கிற மாதிரி இதுவும்.