ஃபுட்ரெஸ்ட்டை இறக்கி மாட்டுகிறீர்களா?

திருமங்கலத்தில் ஏறி, விருதுநகர், சாத்தூர் தாண்டிக் கோவில்பட்டி வரை நான்குவழிச் சாலையில் ஒரே மூச்சில் பைக் ஓட்டினால், உயரமானவர்களுக்கு முழங்கால் கடுக்கும். அதற்காகவே 20 முதல் 40 மி.மீ. வரை தாழ்வான ஃபுட்ரெஸ்ட் செட்டுகள் விற்கின்றன. முழங்கால் மடங்குவது குறையும், வலியும் குறையும். ஆனால் கால் இறங்கினால் பிரேக்கும் கியரும் கூடவே இறங்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

- உங்கள் மாடலுக்கென்றே செய்த செட்டை வாங்குங்கள்.
- பிரேக் பெடலை அதே அளவு இறக்குங்கள். பெடல் பழைய உயரத்திலேயே நின்றால், அவசரத்தில் பாதத்தைத் தூக்கித்தான் மிதிக்க வேண்டிவரும். அந்த நொடியில் வண்டி பல மீட்டர் ஓடிவிடும். பெடலின் ஃப்ரீ பிளேயும் பிரேக் லைட் எரிவதும் சரிதானா என்று பாருங்கள்.
- கியர் லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். குதிகாலாலும் மிதிக்கும் நீள லீவர் என்றால் முன்பக்கம் இறங்க, பின்பக்கம் ஏறும். இரண்டும் காலுக்கு எட்டுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள்.
- ஸ்பிரிங்கைச் சரியாக மாட்டி, ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.
- ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கி மடங்கித் தானாகத் திரும்ப வேண்டும். மழைக்காலத்தில் கரிசல் மண் அந்த மூட்டில் அப்பிக்கொள்ளும். கழுவி எண்ணெய் விடுங்கள்.
- சைடு ஸ்டாண்டு இடிக்காமல் மடங்குகிறதா என்று பாருங்கள்.
- சில நாள் ஓட்டியபின் போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.

செய்யக்கூடாதவை

- பழைய ஃபுட்ரெஸ்ட்டில் துண்டுக் கம்பியை வெல்டிங் வைக்காதீர்கள். எழுந்து நின்று ஓட்டினால் முழு எடையும் அந்த ஒட்டில்தான் விழும்.
- மடங்கும் ஃபுட்ரெஸ்ட்டை அசையாமல் இறுக்காதீர்கள். சாய்வில் தரையில் உரசும்போது மடங்காவிட்டால் பின்சக்கரத்தையே தூக்கிவிடும்.
- இரண்டு பக்க ஃபுட்ரெஸ்ட்டும் ஒரே கம்பியாக இன்ஜினுக்கு அடியில் இருக்கும் வண்டியில் வாஷர் அடுக்கி இறக்காதீர்கள். பல வண்டிகளில் சைடு ஸ்டாண்டும் அதே கம்பியில்தான் இருக்கிறது; அதுவும் கூடவே இறங்கிவிடும்.
- மாட்டிய கையோடு உசிலம்பட்டி, தேனி வழியாகப் போடிமெட்டுக்குக் கிளம்பாதீர்கள். சமவெளியில் தெரியாத குறை கொண்டை ஊசி வளைவில்தான் தெரியும். முதலில் காலி மைதானத்தில், ஆள் ஏற்றாமல், மெதுவாகச் சாய்த்துப் பழகுங்கள்.
- சட்டத்தை மறக்காதீர்கள். அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் உண்டு. வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்.
- சாதாரண வளைவிலேயே ஃபுட்ரெஸ்ட் உரசினால் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டுங்கள். கால்வலிக்குச் சீட்டை உயர்த்தியும் வழி தேடலாம்.